‘தெரியவில்லை’ என்று எழுத வைத்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் கோட்டப் பொறியாளர் அவர்களே, சோதனைப் பிரிவின் இன்றைய தலைவர் அவர்களே, இரங்கல் தீர்மானத்தை வாசித்து முடித்திருக்கும் நம் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மறைந்த சோதகரின் வீட்டம்மா அவர்களே, மகளே, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் வாசலிலும் சைக்கிள் கொட்டகையிலும் நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்களைப்போல் கையில் தாள் இல்லை. இருந்தாலும் அது விசிறிக்கொள்ளத்தான் ஆகும். முப்பத்தெட்டு வருஷம் வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தவன் நான். ஆனால் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் எனக்கு மறப்பதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தீர்மானத்தில் ஆறு வரி இருக்கிறது. செயலாளர் வாசிக்கும்போது விரல் விட்டு எண்ணினேன். ஐந்து வரி சரி. நான்காவது வரி, “அவர் கண்ணுக்குத் தப்பிய விரிசல் ஒன்றுகூட இல்லை” என்று இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அந்தத் தாள் கையெழுத்துக்கு வரும். பிறகு அதையே கல்லில் வெட்டிச் சோதனைப் பிரிவு வாசலில் பதிக்கப் போகிறார்கள். நான் அவரோடு அதிக நாள் நடந்தவன் என்பதால் என் கைநாட்டும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வரி அப்படியே இருந்தால் நான் வைப்பதாக இல்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். துக்கத்தில் இருக்கும் வீட்டார் முன்னால் இதைப் பேசுகிறேனே என்று யாரும் கோபப்பட வேண்டாம். முழுவதும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

ஏட்டில் அவர் பதவி தண்டவாளச் சோதகர். தண்டவாளத்தைப் பராமரிக்கும் எங்கள் கேங்கில் அவருக்குத் தண்ணிவண்டி என்று பெயர். வெளியாள் யாராவது வந்திருந்தால் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அவர் ஒரு சொட்டு குடித்ததில்லை. நாலு சின்னச் சக்கரம் வைத்த தள்ளுவண்டி, அதில் ஒரு பெட்டி, பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, பக்கத்தில் தண்ணீர் கேன். கேனிலிருந்து தண்டவாளத்தின் தலைமேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். அந்த ஈரத்தின் வழியாகத்தான் கருவியின் சத்தம் இரும்புக்குள் இறங்கும். நம் காதுக்கு எட்டாத சத்தம் அது. உள்ளே போய் அடிப்பக்கத்தில் மோதித் திரும்பி வரும். நடுவில் விரிசல் இருந்தால் பாதி வழியிலேயே திரும்பிவிடும். எப்போது திரும்புகிறது என்று திரை காட்டும். இதுதான் அவர் தொழில்.

அம்மா எதிரில்தான் இருக்கிறார்கள், பொய் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். இவர்களுடைய சம்பந்தம் பேசியபோது அம்மாவின் அண்ணன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க நம் நிலையத்துக்கு வந்தார். அகப்பட்டது எங்கள் மேஸ்திரி.

“யாரு, நம்ம தண்ணிவண்டியா? தங்கமான மனுஷன். காலைல ஆறு மணிக்கே ஆரம்பிச்சிடுவாரு. சாயங்காலத்துக்குள்ள எட்டு கேன் காலி.”

வந்தவர் அடுத்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார். மறுவாரம் சோதகர் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய், மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்து, “மோந்து பாருங்க மச்சான்” என்றாராம். கல்யாணம் நிச்சயமாகும் முன்பே மச்சான். அம்மா சிரிக்கிறார்கள். சரி, பொய் இல்லை.

இனி வேலைக்கு வருகிறேன்.

தண்டவாளம் எதனால் உடைகிறது? பாரம் தாங்காமல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் என் கட்டைவிரலைப் பிடித்துத் தண்டவாளத்தின்மேல் வைத்தார். “சக்கரம் தொடுற இடம் இவ்வளவுதான் அண்ணே, உங்க நகம் அளவு. மொத்தப் பாரமும் இதுலதான் இறங்குது.” ஒரு சரக்கு வண்டிக்கு ஒரு பக்கம் இருநூறு சக்கரம். ஒரு நாளைக்கு முப்பது வண்டி. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். “ஒரு தடவை மிதிச்சா இரும்பு ஒண்ணும் சொல்லாது. லட்சம் தடவை மிதிச்சாலும் சொல்லாது. ஆனா உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கும்” என்றார். இரும்புக்கும் அலுப்பு உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒரு வளைவு வருகிறதே, அங்கே வெளிப்பக்கத் தண்டவாளம் என் பொறுப்பு. வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் உள் ஓரத்தை உரசிக்கொண்டே திரும்பும். உரசினால் தேயும். தேயாமலிருக்கக் கிரீஸ் போட வேண்டும். தகர டப்பா, பிரஷ், பழந்துணி. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தத் தண்டவாளத்தை மாற்றினார்கள். என் கையில் பதினோரு வருஷம் நின்றது. அதிகாரிகள் வந்து அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு, தேய்மானமே இல்லை என்று பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். மேஸ்திரி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, “பெத்த பிள்ளையைக்கூட இவன் இப்படித் தடவிக் குடுத்ததில்லை” என்றார்.

அந்தத் தண்டவாளத்தின் உள் ஓரத்தில் மீன் செதில்போல் வரிவரியாக ஏதோ இருந்தது. துடைத்தால் போகவில்லை. மூன்று வருஷமாக இருந்தது. நான் அழுக்கு என்று நினைத்தேன். வந்து பார்த்த மேலதிகாரிகள், மேல்தோல் விஷயம், ஆபத்தில்லை என்றார்கள்.

மழை ஓய்ந்து பத்தாம் நாள், வியாழக்கிழமை. சோதகர் வண்டியைத் தள்ளி வருகிறார், நான் கேன் சுமந்து கூட நடக்கிறேன். பாலத்திலிருந்து நானூற்று முப்பத்தோராவது கட்டை. எனக்குப் படிக்கத் தெரியாது, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகளை எண்ணத் தெரியும். அங்கே வந்ததும் வண்டி நின்றது. தண்ணீரை அதிகமாகத் திறந்துவிட்டார். துணியால் துடைத்தார். முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார்.

“என்ன சார்?”

“அடியிலேர்ந்து திரும்பி வர வேண்டிய சத்தம் வரலை அண்ணே. இந்தச் செதில் மேலேயே மறிச்சிடுது.”

“அப்போ உள்ளே?”

“உள்ளே என்ன இருக்கப் போகுது.”

தூரத்தில் சரக்கு வண்டியின் ஊதல். இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கி ஓரத்தில் வைத்தோம். ரயில் போகிற நேரத்தில் அவர் புத்தகத்தை எடுத்தார். அந்தப் புத்தகத்தில் அப்போது இரண்டே கட்டம். ஒன்று ‘குறை உண்டு’. இன்னொன்று ‘குறை இல்லை’. சத்தம் இறங்கவில்லை, அதனால் தெரியவில்லை என்று எழுத அதில் இடமே கிடையாது. ஓரத்தில் குறித்தால் மேலிடத்திலிருந்து கடிதம் வரும், கருவி பழுதா ஆள் பழுதா என்று. அதனால் இப்படிப்பட்ட இடங்களில் எல்லாச் சோதகர்களும் என்ன செய்வார்களோ அதையே அவரும் செய்தார். ‘குறை இல்லை’யில் ஒரு கோடு இழுத்தார்.

முப்பதாம் நாள், நடுப்பகல் வேளையில், நானூற்று முப்பத்தோராவது கட்டையில் தண்டவாளம் இரண்டாக விட்டுப்போனது. மேலே போய்க்கொண்டிருந்த சரக்கு வண்டியின் வால் பக்கம் நாலு பெட்டி சாய்ந்தது. கடைசிப் பெட்டியில் இருந்த கார்டுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று.

அதோ மேடையில் அவர் படத்துக்குப் பக்கத்தில், துணி விரித்த மேசையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்பு இருக்கிறதே, அது அந்தத் தண்டவாளம்தான். இத்தனை வருஷமும் அவர் வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. அதில் அம்மா எத்தனை தடவை கால்விரலை இடித்துக்கொண்டார்கள் என்பது தனிக் கணக்கு. போகும்போது உடைந்த முகத்தைப் பாருங்கள். முக்கால்வாசி வழவழவென்று கறுத்து, மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாக இருக்கும். அது பழைய விரிசல். செதிலுக்கு அடியில் உட்கார்ந்து மெல்ல மெல்ல வளர்ந்தது. மீதிக் கால்வாசிதான் அன்றைக்கு உடைந்தது.

அவர் அந்தக் கோட்டை இழுத்து முப்பத்தொன்பதாம் நாள் விசாரணை வைத்தார்கள். நீள மேசை, மூன்று அதிகாரிகள், நடுவில் கண்ணாடிக் கூஜா. என்னை முதலில் கூப்பிட்டார்கள். தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. குமாஸ்தா அதை எனக்கு வாசித்துக் காட்டினார். மூன்று மாதமாக அந்த வளைவில் நான் கிரீஸ் போடவில்லை என்று அதில் இருந்தது.

“நான் போடாம இருந்ததே இல்லையேங்க.”

“வெச்சுடுப்பா” என்றார் குமாஸ்தா. “ஒரு மாசம் வீட்ல இருப்பே, அதோட முடிஞ்சுது. இல்லேன்னா இழுத்துக்கிட்டே போகும், வேலைக்கே ஆபத்து.”

எனக்கு வீட்டில் நாலு வயிறு. கட்டைவிரலை மையில் வைத்துவிட்டேன். தாளுக்கும் விரலுக்கும் நடுவில் இவ்வளவு இடம்தான் பாக்கி. சுவரோரம் பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த சோதகர் எழுந்தார்.

“ஐயா, அவர் விரலைத் துடைக்கச் சொல்லுங்க.”

நடு அதிகாரி நிமிர்ந்தார். “உங்களைக் கூப்பிடும்போது வாங்க.”

“நீங்க கூப்பிடறதுக்குள்ள விரல் தாளுக்கு வந்துடும் ஐயா.”

அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை. திரையில் தெரிவதைச் சொல்லும் அதே குரலில்தான் சொன்னார். இவர் கிரீஸ் ஒழுங்காகப் போட்டார், ஒழுங்காகப் போட்டதால்தான் அந்த விரிசல் வளர்ந்தது என்றார். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கே விளங்கவில்லை.

“தேய்மானம்னா நமக்குக் கெட்டது மட்டும்தான்னு நினைக்கிறோம் ஐயா. சின்ன விரிசல் மேலே வரும்போதே தேய்மானம் அதைத் தின்னுடும். ரெண்டுக்கும் ஓட்டப்பந்தயம். இவர் தேய்மானத்தை நிறுத்திட்டாரு. நாமதான் நிறுத்தச் சொன்னோம். கடிதம் குடுத்துப் பாராட்டினோம். விரிசல் தனியா ஓடிச்சு. மழைத்தண்ணி அதுக்குள்ள இறங்கிச்சு, சக்கரம் வந்து வாயை அடைச்சு அழுத்திச்சு, தண்ணிக்குப் போக வேற வழியில்லை, விரிசலோட முனையைத்தான் தள்ளிச்சு.”

“அப்போ கிரீஸ் போட்டது தப்புங்கிறீங்களா?”

“தப்பில்லை ஐயா. கிரீஸும் போடணும், வருஷாவருஷம் மேல்தோலை மயிரிழை அளவு சீவியும் எடுக்கணும். பாதி வேலைதான் செஞ்சோம்.”

“உங்க புத்தகத்துல அந்த இடத்துக்குக் குறை இல்லைன்னு போட்டிருக்கீங்களே.”

அவர் கூஜாவைப் பார்த்தார்.

“அது பொய் ஐயா. எனக்குத் தெரியலை. தெரியலைங்கிறதை இல்லைன்னு எழுதிட்டேன்.”

அவருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறீர்களா? பதினோரு வருஷம் அதே பதவி. அவரிடம் வண்டி தள்ளக் கற்றவர்கள் அவருக்கு மேலே போய் அவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். என்னை ஒரு நாள்கூட வீட்டில் உட்கார வைக்கவில்லை. விசாரணை நடந்த அன்று மாலை அவர் சாப்பிடாமல் எழுந்தபோது, “உண்மையைத்தானே சொல்லிட்டு வந்தீங்க, அப்புறம் ஏன் சோறு இறங்கலை?” என்று அம்மா கேட்டார்களாம். “முப்பத்தொன்பது நாள் லேட்டா சொன்னேன்” என்றாராம். இதை அம்மாதான் எனக்குச் சொன்னார்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது.

கார்டு ஓய்வு வாங்கிக்கொண்டு கடைத்தெருவில் எழுதுபொருள் கடை வைத்தார். ஒரு நாள் சோதகர் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். விசாரணையில் சொன்னதையே அவரிடமும் சொன்னார். கார்டு மேசைமேல் கிடந்த பேனாக்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு, “என்ன வேணும்?” என்றார், கடைக்காரர் கேட்கிற மாதிரி.

“ஒரு நீள நோட்டு.”

கார்டு கொடுத்தார். இவர் அங்கேயே நின்று பேனாவால் இரண்டு கட்டம் போட்டார். மூன்றாவதுக்குக் கோடு இழுக்கும் முன் நிறுத்தி, நோட்டைக் கார்டின் பக்கம் திருப்பினார். எதற்கு என்று சொன்னார். கார்டு அளவுகோலை மேசைமேல் வைத்து, கையில்லாத முழங்கையால் அழுத்திக்கொண்டு, பழக்கமில்லாத இடது கையால் அந்தக் கோட்டை இழுத்தார். அளவுகோல் நழுவிற்று. கோடு கோணல்.

“வேற நோட்டு தரட்டா?”

“வேண்டாம். இதுதான் சரி.”

மாதம் ஒரு நோட்டு. எல்லாவற்றிலும் மூன்றாவது கோடு அந்த இடது கை போட்டதுதான். ‘தெரியவில்லை’ என்று தலைப்பு. அரசுப் புத்தகத்தோடு அந்த நோட்டையும் சேர்த்து மேலே அனுப்புவார். அங்கீகாரம் இல்லாத படிவம் என்று திரும்பி வரும். மறு மாதம் மறுபடி அனுப்புவார். கடைக்குப் போனால் கார்டு, “வாய்யா, தெரியாத மனுஷா” என்பார். இவர் சிரிப்பார். அதற்கப்புறம் இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். மன்னித்தாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். டீ குடித்தார்கள், அதை நான் பார்த்தேன். கார்டு போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது.

நாலாவது வருஷம் ஒரு புது அதிகாரி அந்த நோட்டுகளைத் திருப்பி அனுப்பாமல் பிரித்துப் பார்த்தார். எங்கள் பகுதியில் மட்டும் ‘தெரியவில்லை’ நூற்றுப் பதினேழு இடம். செதிலைச் சீவிவிட்டு மறுபடி சத்தம் இறக்கிப் பார்க்கச் சொன்னார். ஒன்பது இடத்தில் உள்ளே விரிசல் இருந்தது. ஒன்பதில் இரண்டு, பயணிகள் வண்டி முழு வேகத்தில் போகிற இடம். ஒன்பதையும் வெட்டி மாற்றினோம். அந்தப் பக்கம் போனவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வண்டி பத்து நிமிஷம் லேட் என்று திட்டியிருப்பார்கள்.

அதற்கப்புறம்தான் அச்சிட்ட புத்தகத்தில் மூன்றாவது கட்டம் வந்தது. அதற்கப்புறம்தான் சீவுகிற இயந்திரம் வந்தது. அது முதல் தடவை பொறி பறக்க வளைவில் போனபோது மேஸ்திரி, “தண்டவாளத்துக்கே சவரமா? இனிமே நம்ம யாருக்கும் தாடி வளர்க்க மூஞ்சி கிடையாது” என்றார்.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் வலி. மகள்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வயிற்றில் ஏதோ கூழைத் தடவிக் கருவியை வைத்தார்கள். இதுவும் சத்தம் இறக்கிப் பார்க்கிற வேலைதானே. “எங்க வேலைல தண்ணி, இங்கே கூழா?” என்று கேட்டிருக்கிறார். பார்த்த பெண், “ஒண்ணும் இல்லை அப்பா, எழுந்துக்குங்க” என்றாராம். அவர் எழுந்துகொள்ளவில்லை.

“இல்லையா, தெரியலையாம்மா?”

அந்தப் பெண் மறுபடி கருவியை வைத்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்திருக்கிறார். “குடல்ல காத்து இருக்கு. அதுக்குப் பின்னால தெரியலை.”

“அப்போ அப்படியே எழுதும்மா. உனக்கு ஒரு கஷ்டமும் வராது.”

எழுதினார். எழுதியதால் வேறு சோதனை செய்தார்கள். காற்றுக்குப் பின்னால் கட்டி இருந்தது. முற்றியிருந்தது. பதினாலு மாதம் இருந்தார். எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதினாலு மாதத்தில் அவர் மூன்று தடவை சோதனைப் பிரிவுக்கு வந்தார், தலைவர் அவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்திருக்கும் சோதனை ரயிலில் எல்லாம் கணினி. திரையில் பச்சை, சிவப்பு, இரண்டே நிறம். சத்தம் இறங்காத இடத்தை அது என்ன நிறமாகக் காட்டும் என்று கேட்டார். கணினியில் தேடிப் பார்த்துச் சொன்னார்கள். பச்சை.

ஐயா, மேடையில் இருக்கும் பெரியவர்களே, அவர் விட்டுப்போன வேலை இது ஒன்றுதான். கிரீஸ் போடுகிற நாங்களும், வண்டி தள்ளுகிறவர்களும், சீவுகிற இயந்திரத்தில் இருப்பவர்களும் இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறோம்: அந்தத் திரையில் மூன்றாவது நிறம் வரும்வரை மாதம் ஒரு நோட்டு மேலே வரும். நீங்கள் திருப்பி அனுப்பினால் மறு மாதமும் வரும். எனக்கு எழுதத் தெரியாது. எத்தனையாவது கட்டை என்று சொல்லத் தெரியும். எழுதத் தெரிந்தவர்கள் இங்கே முந்நூறு பேர் இருக்கிறார்கள்.

இனி அந்த நான்காவது வரி. செயலாளர் பிரியத்தில்தான் எழுதினார், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கல்லைத் தாண்டித்தான் சோதகர்கள் நாளைக்கு வேலைக்குப் போவார்கள். எதுவுமே தப்பாத கண் என்று வாசலில் எழுதிவைத்தால், திரையில் சத்தம் திரும்பாத இடத்தில் நிற்கிற ஒரு பிள்ளைக்கு ‘தெரியவில்லை’ என்று எழுதக் கை வருமா? அவருக்குத் தப்பியது ஒன்று உண்டு. அது மேசைமேல் இருக்கிறது. அதை அவர் எந்த அறைக்குள் சொன்னார், எப்போது சொன்னார் என்பதற்குத்தான் இந்தக் கூட்டம்.

அதனால் அந்த வரியை அடித்துவிட்டு இப்படிப் போடுங்கள்: “தமக்குத் தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னார், முப்பத்தொன்பது நாள் தாமதமாக. அதன்பின் ஒரு நாளும் தாமதிக்கவில்லை.”

ஆனால் இதை முடிவு செய்ய நான் யார். அம்மா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். கல்லில் ஏறினால் அழியாது. உங்கள் பேரப் பிள்ளைகள் படிக்கப்போவது. பழைய வரியே இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு இறங்கிவிடுகிறேன், கைநாட்டு மட்டும் வைக்க மாட்டேன்.

மகள் ஏதோ கேட்கிறார். அம்மா பதில் சொல்கிறார்கள். கொஞ்சம் இருங்கள், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, நான் சொல்கிறேன்.

“இந்த அண்ணன் சொன்னதையே போடுங்க” என்கிறார்கள். “கல்லுல மூணு கட்டமும் வெட்டுங்க. மூணாவது கோட்டைக் கோணலாவே வெட்டச் சொல்லுங்க” என்கிறார்கள்.

செயலாளரே, பேனா வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அடியுங்கள். அடித்துவிட்டு எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் அந்த மைப்பெட்டியை இப்படிக் கொடுங்கள்.